வாட்டம் எந்தப் பக்கம்

கற்பனை நிலங்களுக்கு வரைபடம் வரையக் கற்றுக்கொள்ளும் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு விதி சொல்லப்படும்: ஆறுகள் சேரும், பிரியாது. எந்தப் பாடக் காணொளியைத் திறந்தாலும் பத்து நிமிடத்துக்குள் இது வந்துவிடும். ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும், வழியில் துணையாறுகளைச் சேர்த்துக்கொள்ளும், பருத்துக்கொண்டே போய்க் கடலில் விழும். நடுவழியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடல்களுக்குப் போகிற ஆற்றை வரைந்து யாராவது பகிர்ந்தால் கீழே கேலிதான்.

நல்ல விதி. தண்ணீர் இருப்பதிலேயே தாழ்ந்த வழியைத்தான் தேடும். இரண்டு வழி கிடைத்தாலும் எது ஆழமோ அது நாளடைவில் மற்றதன் தண்ணீரையும் இழுத்துக்கொண்டுவிடும். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வரைபடம் தானாகவே நம்பும்படி ஆகிவிடுகிறது. டெல்டா மட்டும் விதிவிலக்கு என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள். நான் பிறந்து வளர்ந்த ஊர் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம். வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அந்த வெண்ணாறே கல்லணையில் காவிரியிலிருந்து பிரிந்து வந்ததுதான். அதற்கும் மேலே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்துபோயிருக்கும். அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழனாறு என்று பிரிந்து பிரிந்து, பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி என்ற பெயரோடு மிஞ்சுவது வாய்க்கால் மாதிரி ஒன்று. ஆறு ஓட ஓடச் சிறுக்கும் என்பதுதான் சின்ன வயதில் எனக்குத் தெரிந்த இயற்கை. மற்ற ஊர்களில் பருக்கும் என்பதைப் பாடப்புத்தகத்தில்தான் படித்தேன்.

வரைபடம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் டிஸ்கார்டில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம், தமிழில். நான்கு பேர் பாத்திரங்கள். நான் கதையை நடத்துகிறவள். இரண்டு வருடம் புத்தகத்தில் வந்த சாகசங்களையே ஓட்டினோம். பனிமலை, பைன் காடு, கல் கோட்டை, சத்திரத்தில் பீர். எங்களில் ஒருத்தி பனியையே நேரில் பார்த்ததில்லை. அவள்தான் பனிப்புயலில் வழி கண்டுபிடிக்கும் வேட்டைக்காரி. அதிலும் ஒரு சுகம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது வருடம் எங்களுக்கென்று ஒரு நிலம் வேண்டும் என்று ஆகிவிட்டது.

இந்த ஆட்டத்துக்கு நிலம் எப்போதுமே இரவல்தான். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் பெட்டியில், காட்டுவழிப் பயணத்துக்கு வேறொரு நிறுவனத்தின் பலகை விளையாட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். 1972இல் வந்த 'அவுட்டோர் சர்வைவல்'. காட்டில் தொலைந்துபோனவன் உயிர் பிழைக்கும் ஆட்டம். அதன் அறுகோணக் கட்டப் பலகையில்தான் முதல் டிராகன்கள் பறந்தன. கதைக்கு முன்னால் வரைபடம் என்பது அதைவிடப் பழைய பழக்கம். ஸ்டீவன்சன் 1881இல் ஒரு தீவை வரைந்துவிட்டுத்தான் 'டிரெஷர் ஐலண்ட்' கதைக்குள் போனார். டோல்கீனும் வரைபடத்தை வைத்துக்கொண்டு கதையை அதற்கு ஏற்றபடி நகர்த்தியவர். 1954இல் அச்சான வரைபடத்தை வரைந்தது அவர் மகன் கிறிஸ்டோபர்.

இப்போது கையால் வரையத் தெரியாதவர்களுக்கும் கருவிகள் இருக்கின்றன. 1993இலிருந்து வந்துகொண்டிருக்கும் காம்பெய்ன் கார்ட்டோகிராபர் கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கேட் மென்பொருள் வகை. கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். இங்கர்னேட் உலாவியிலேயே ஓடும். ஒண்டர்டிராஃப்ட் ஒருமுறை காசு கொடுத்து வாங்கிக்கொள்வது. அஸ்காரின் வரைபட இயந்திரம் இலவசம், திறந்த மூலம். பக்கத்தைத் திறந்த உடனேயே கண்டம், நாடுகள், மதங்கள், ஆறுகள் எல்லாவற்றையும் தானே பெற்றுப் போட்டுவிடும். எதை வாங்கினேன் என்பது இங்கே முக்கியமில்லை. சொல்லப்போவது ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதல் சில வாரங்கள் சுகமானவை. நிலத்தூரிகையால் தேய்த்தால் கடலிலிருந்து நிலம் எழும்பி வரும். கரையின் சொரசொரப்புக்கு ஒரு நகர்த்துகோல். கொஞ்சம் ஏற்றினால் நார்வே, இறக்கினால் சோழமண்டலக் கரை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் மணி ஒன்றாகிவிடும். ஒரு வளைகுடா மட்டும் வரைந்திருப்பேன். மலைகளை முத்திரை மாதிரிக் குத்திக்கொண்டே போகலாம். கடற்கரையை மேலிருந்து பார்க்கிறோம், மலையைப் பக்கவாட்டில் பார்க்கிறோம், இரண்டும் ஒரே தாளில் இருக்கிறது, கண் அதைக் கேள்வியே கேட்பதில்லை. எல்லா மலைகளுக்கும் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும். மலைத்தொடரின் முன்வரிசையைப் பெரிதாகவும் பின்வரிசையைச் சிறிதாகவும் வைத்தால் ஆழம் வந்துவிடும். இதெல்லாம் கைக்குப் பழகிய பிறகுதான் எங்கள் நிலத்தை வரைய உட்கார்ந்தேன்.

எங்கள் நிலத்தில் மலையே கிடையாது.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்த மென்பொருள்களின் அழகெல்லாம் மலையில்தான் இருக்கிறது. மலையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பழுப்புத் தாள். தட்டையான நிலத்தை எப்படி வரைவது என்று பார்க்க, இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்களை இறக்கி வைத்துக்கொண்டேன். அவற்றில் 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு சமஉயரக் கோடு. மேற்கு மாவட்டத் தாள்களில் அந்தக் கோடுகள் கைரேகை மாதிரி நெருங்கிக் கிடக்கும். எங்கள் பக்கம் கடலை நோக்கிப் போகப் போக அந்தக் கோட்டுக்கு வேலையே இல்லை. அதற்குப் பதில் நீலக் கோடுகள். ஆறு, வாய்க்கால், வாய்க்காலின் வாய்க்கால், குளம், குட்டை. சிலந்தி நூலை நனைத்துத் தாளில் போட்ட மாதிரி இருந்தது. சரி, மலை செய்ய வேண்டிய வேலையை இங்கே தண்ணீர் செய்யட்டும் என்று முடிவெடுத்தேன்.

அங்கேதான் அந்த விதி எதிரே வந்து நின்றது. காணொளிக்காரர்கள் சொல்லும் அறிவுரையாக மட்டும் அது இல்லை, நிரலுக்குள்ளேயே இருந்தது. தானாக ஆறு உண்டாக்கும் இயந்திரங்கள் நிலத்தை ஆயிரக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. அஸ்காரில் நாம் எதையும் மாற்றாவிட்டால் சுமார் 10,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம். மழை பெய்தால் ஒரு கட்டத்தின் தண்ணீர் பக்கத்துக் கட்டங்களில் எது தாழ்ந்ததோ அந்த ஒன்றுக்குப் போகும். ஒன்றுக்கு மட்டும். பத்து கட்டங்களிலிருந்து ஒரு கட்டத்துக்குத் தண்ணீர் வரலாம். ஒரு கட்டத்திலிருந்து இரண்டுக்குப் போக முடியாது. ஆகவே அந்த உலகத்தில் ஆறு பிரியவே பிரியாது. விளையாட்டுக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நிஜ நீரியலாளர்கள் பயன்படுத்தும் டி8 என்ற 1984ஆம் வருடத்து முறையும் இதேதான். சுற்றியிருக்கும் எட்டுக் கட்டங்களில் செங்குத்தாக இறங்கும் ஒன்றைத்தான் அது தேர்ந்தெடுக்கும். மலைநாட்டுக்கு அது அருமையாக வேலை செய்யும். தட்டை நிலத்தில் அதற்குத் திணறல்தான்.

அதனால் எல்லா ஆறுகளையும் கையாலேயே வரைந்தேன். அதிலும் ஒரு வேடிக்கை. என் கருவியில் ஆறு மெலிதாகத் தொடங்கிப் பருத்து முடியும். இழுக்கத் தொடங்கும் இடம் ஊற்று, விடும் இடம் முகத்துவாரம் என்று அது எடுத்துக்கொள்கிறது. எங்கள் ஆறு தடிமனாக வந்து நூலாக முடிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு கிளையாற்றையும் கடலில் தொடங்கி மேற்கே இழுத்தேன். மென்பொருளின் கணக்கில் என் நாட்டில் கடல்தான் ஊற்று, பதினேழு ஆறுகள் அங்கே பிறந்து மேலே ஓடி ஒரே பெரிய ஆறாகச் சேருகின்றன. விதி மீறப்படவில்லை. திரையில் பார்க்கிறவர்களுக்கு மட்டும் அது காவிரி மாதிரி இருக்கும்.

முத்திரைகளும் இல்லாமல்தான் இருந்தன. பைன் உண்டு, ஓக் உண்டு, காற்றாலை உண்டு, விதவிதமாகக் கோட்டை உண்டு. தென்னை இருந்தது, ஆனால் அது கடற்கொள்ளையர் தீவுத் தென்னை. தனியாக, சாய்ந்து, பக்கத்தில் ஒரு புதையல் பெட்டியை எதிர்பார்த்து நிற்கும். பனை, மூங்கில் கொத்து, படித்துறை, மதகு, திடல் எல்லாவற்றையும் கிரீட்டாவில் வரைந்தேன். பின்னணி இல்லாத பி.என்.ஜி. கோப்புகளாகச் சேமித்து உரிய கோப்புறையில் போட்டால் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். மதகுதான் கஷ்டப்படுத்தியது. நகக்கண் அளவில் மதகைக் காட்டினால் பல் விழுந்த சீப்பு மாதிரி இருக்கிறது.

ஊர்களின் நெருக்கம் இன்னொரு தலைவலி. இந்த விளையாட்டில் பலர் ஆறு மைல் அறுகோணம் ஒன்றை அலகாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் நடை நான்கு அறுகோணம். ஓர் அறுகோணத்தில் ஒரு கிராமம் இருந்தாலே கூட்டம் என்று பொருள். எங்கள் ஊரை நடுவில் வைத்து அதே அளவில் ஓர் அறுகோணம் வரைந்து, உள்ளே இருக்கும் ஊர்களை எண்ணினேன். இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். காடே இல்லை. ஓர்க்குகள் ஒளிந்துகொள்ள இடமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது வரப்பில் நின்றுகொண்டு "யார் வூட்டுக்கு?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் சாகசம் என்றால் என்ன என்று எனக்கே அப்போது தெளிவில்லை.

பெயர் எழுதும் கட்டத்துக்கு வந்தபோது தமிழ் உடைந்தது. தமிழ் எழுத்தைத் திரையில் காட்ட, எழுத்துருவைத் தவிர உருவமைக்கும் நிரல் ஒன்றும் வேண்டும். 'கொ' என்பதைக் கணினி ககரம், அதன்பின் ஒகரக் குறி என்ற வரிசையில் வைத்திருக்கிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோவதும் காலை வலப்பக்கம் விடுவதும் அந்த நிரலின் வேலை. நான் வாங்கியதில் அது இல்லை. கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் வந்து நின்றன. 'மு' இரண்டு துண்டு. வரைபடத்தைப் பெயரில்லாமல் படமாக வெளியே எடுத்து, இங்க்ஸ்கேப்பில் திறந்து, ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு வளைகோடு போட்டு அதன்மேல் பெயரை ஏற்றினேன். சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் 1962இல் வரைபடத்தில் பெயர்களை எங்கே எப்படி வைப்பது என்று ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். பெயர் தன் பொருளோடு ஒட்டியிருக்க வேண்டும், பரப்பைப் பெயரே காட்ட வேண்டும் என்பார். மேற்கத்திய வழக்கத்தில் நீர்நிலைகளின் பெயர் சாய்வெழுத்தில் வரும். தமிழுக்குச் சாய்வெழுத்து மரபு கிடையாது. கணினி சாய்த்துத் தருவது காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி இருக்கும். நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். உப்பாற்றுத்துறை, மேலத்திடல், ஏழுமதகு, கடைக்கோடி. பெயர்கள் நானே வைத்தவைதான் என்றாலும், தமிழில் எழுதியதும் அந்த ஊர்களில் யாரோ இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

அதை ஏ3 தாளில் அச்செடுத்து ஊருக்குக் கொண்டுபோனேன். எழுத்து எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க முடிகிறது என்று பார்க்கத்தான். திண்ணையில் விரித்து வைத்திருந்தபோது அப்பா வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் கரையைச் சுற்றிப் பார்ப்பவர், உத்தரவு வந்தால் ஷட்டரை ஏற்றி இறக்குபவர். டிராகன், மந்திரவாதி பற்றியெல்லாம் நான் விளக்கப் போகவில்லை. அவரும் கேட்கவில்லை. நேராக விரலை ஆற்றில் வைத்தார்.

"வாட்டம் எந்தப் பக்கம்?"

"மேக்கேந்து கெழக்கப்பா."

"அது தெரியுது. இந்த ரெண்டு வாய்க்காலுக்கு நடுவுல?"

நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதுதான் வாட்டம். கொத்தனார் தளம் போடும்போது பார்ப்பது, அப்பா நாற்பது வருடம் பார்த்தது. 20 மீட்டருக்கு ஒரு கோடு போடும் தாளில் அது தெரியாது. அரை அடியில் இருக்கும் சமாச்சாரம். அவர் என் பேனாவை வாங்கிக்கொண்டு அம்புக்குறி போட ஆரம்பித்தார்.

"வடிகால் எங்க பாப்பா? பாய்ச்ச வழி வச்சா போதுமா, வடியறதுக்கு? ஐப்பசி மழைக்கு இந்த ஊரு முழுவிப்போயிடும்."

பாசன வாய்க்கால் வயலைவிட மேட்டில் ஓட வேண்டும், வடிகால் வயலைவிடப் பள்ளத்தில். இரண்டும் ஒரே நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. சந்திக்கிற இடத்தில் கலந்துவிடக் கூடாது என்பதால் வடிகால் வாய்க்காலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழும்பும். கீழ்க்குமிழி என்பார்கள். அவர் அதை இரண்டு கோடுகளும் ஒரு பாலமுமாகச் சர்வ சாதாரணமாக வரைந்து காட்டினார். மென்பொருளில் ஓர் ஆற்றின் மேல் இன்னோர் ஆற்றை இழுத்தால் இரண்டும் கலந்து ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். கீழ்க்குமிழிக்கு ஒரு முத்திரை வரைந்து சந்திப்பின் மேல் வைத்து மறைப்பதைத் தவிர எனக்கு இன்றுவரை வேறு வழி கிடைக்கவில்லை.

ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். ஏழுமதகுக்கும் கடைக்கோடிக்கும் நடுவே, நான் எதுவுமே வைக்காத ஓர் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இங்கதான் சண்டை வரும்."

"ஏன்?"

"தலைமடைக்காரனுக்குத் தண்ணி நிக்கும், கடைமடைக்காரனுக்கு வராது. ஷட்டர் இங்கதானே இருக்கணும்."

அப்புறம் அவராகவே சொன்னார். முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஒரு வருடம். ஒரு வாய்க்காலுக்கு ஆறு நாள், அடைத்துவிட்டு அடுத்ததற்கு ஆறு நாள். ஆறாம் நாள் சாயங்காலம் வரைக்கும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. கதிர் வருகிற நேரம். அந்த ஊர்க்காரர்கள் இருபது பேர் வந்து ஷட்டர் மேடையில் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் சத்தம் போடவில்லையாம். டார்ச் லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். அடுத்த வாய்க்கால்காரர்கள் அந்தக் கரையில்.

"என்ன பண்ணுனீங்க?"

"மூடுனேன். ஆர்டரு."

அவ்வளவுதான் சொன்னார். அம்மா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சுத்து வழி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. நான் நான்காவதோ ஐந்தாவதோ படிக்கும்போது, பெரியம்மா வீட்டுக்குச் சைக்கிளில் கூட்டிப்போகும் அப்பா, நேர்வழியை விட்டுவிட்டு இன்னோர் ஊர் வழியாகத்தான் போவார். அங்கே ரோடு நன்றாக இருக்கும் என்பார். நன்றாக இருக்காது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். நேர்வழி அந்தக் கடைமடை ஊருக்குள் போகிறது.

பிற்பாடு அந்தப் பாதையையும் வரைபடத்தில் சேர்த்தேன். ஏழுமதகிலிருந்து உப்பாற்றுத்துறைக்கு, கடைக்கோடியைத் தொடாமல் வளைந்து போகும் ஒரு புள்ளிக்கோடு. ஏன் இருக்கிறது என்று ஆட்டக்காரர்கள் யாரும் இதுவரை கேட்கவில்லை.

பெருக்கல் குறி போட்ட இடத்தில் ஷட்டரை வைத்தேன். எங்கள் கதையில் அதைத் திருப்பும் கைப்பிடி ஒன்றுதான் உண்டு. அது நால்வரிடமும் ஒப்படைக்கப்படுகிறது. சூரியன் மறையும்போது மூட வேண்டும் என்று உத்தரவு. அரக்கன் கிடையாது. இந்த மாதிரி ஓர் அத்தியாயம் எடுபடுமா என்று எனக்கு உதறலாகத்தான் இருந்தது. மந்திரவாதி, தான் மழை வரவழைக்கலாமா என்று கேட்டான். அந்த மந்திரம் அவனுக்கு வர இன்னும் ஆறு நிலை ஏற வேண்டும். பனிப்புயலில் வழி கண்டுபிடித்த அதே வேட்டைக்காரி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தலைமடையிலிருந்து கடைக்கோடிக்கு எத்தனை அறுகோணம் என்று எண்ணி, தண்ணீர் வர இன்னும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டாள். திருடன், மேடையில் உட்கார்ந்திருக்கிறவர்களை நகர்த்தத் தாயம் உருட்டட்டுமா என்றான். "உருட்டு, ஆனா அவங்க எதுவும் பேசாமதான் ஒக்காந்திருக்காங்க" என்றேன். அவன் உருட்டவில்லை. கொஞ்ச நேரம் டிஸ்கார்டில் எல்லோருடைய மின்விசிறிச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒருவன் கேட்டான்: "பாதி மட்டும் மூட முடியாதா?"

அதற்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை. ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். மணி பத்தரை. எடுத்தார்.

"பாதி மூடுனா ரெண்டு பக்கமும் பத்தாது. வாய்க்கா நனையும், வயலுக்கு ஏறாது. ஏன், யாரு கேக்குறா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டோம். நான்கு பேரில் இரண்டு பேர் மூடலாம் என்கிறார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள், கைப்பிடி வேட்டைக்காரியிடம் இருக்கிறது. மறுநாள் காலையில் நான் பஸ்ஸில் இருக்கும்போது அப்பா போன் செய்தார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"என்னாச்சு, மூடிட்டாங்களா?"

"இல்லப்பா. ஞாயித்துக்கெழமதான் தெரியும்" என்றேன்.